தாயின் பெயருக்கான கட்டம்

லேவோகெடா,
மே 14, செவ்வாய்.

அன்பு மகள் பாரெக்கிற்கு உன் அம்மா எழுதுவது.

படிப்பதற்கு முன்னால் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மக்காச்சோள அவலுக்கு அடியில் வைத்து, கப்பலில் உன் பக்கம் வந்துபோகிற பெட்ரோனெலாவிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். பையை உன் கையில்தான் கொடுக்க வேண்டும், நீதான் பிரிக்க வேண்டும் என்று அவளிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். “அவலுக்கு இவ்வளவு காவலா பெரியம்மா, உள்ள தங்கமா வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். கேட்கட்டும்.

எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. நீயும் மருமகனும் சுகமா? சின்னவன் இம்மானுவேலுக்குக் காதில் சீழ் என்றாயே, நின்றுவிட்டதா? தோட்டத்து டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே. காது மந்தமானால் பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்வது பாதிதான் விழும். அப்புறம் பிள்ளையை மக்கு என்பார்கள்.

இதையெல்லாம் போனில் பேசக் கூடாதா என்று நினைப்பாய். உன் போன் மருமகன் சட்டைப்பையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் நாம் பேசுகிறோம். என் போன் கேவா கையில் இருக்கிறது. எனக்கு அதில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்தான் தெரியும். ஊர் உலகமெல்லாம் காற்றிலேயே பேசிக்கொள்கிறது. நம் இரண்டு பேருக்கு நடுவில் பேப்பரை விட்டால் வேறு வழியில்லை.

உன் தங்கை கேவாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். உன் தங்கை என்று கை தானாக எழுதிவிட்டது, பதினைந்து வருடப் பழக்கம். அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். இப்போதே அதற்குள் இறங்கினால் நல்ல செய்தியைச் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது.

மாகாணம் முழுவதிலும் இருந்து ஐந்தே பிள்ளைகள், அதில் ஒருத்தி நம் கேவா. ஜாவாவில் மாலாங் நகரத்தில் கம்ப்யூட்டர் தொழிற்பள்ளி. மூன்று வருடம். தங்குவது, சாப்பாடு, கப்பல் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஜூன் முப்பதுக்குள் பேப்பர்கள் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறாவதாக நிற்கிற சும்பாத் தீவுப் பெண்ணுக்கு இடம் போய்விடும். இவ்வளவும் போன ஞாயிறு உன்னிடம் சொன்னேன். பேப்பரில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றும் சொன்னேன். நீ என்ன வேலை என்று கேட்கவில்லை. ஒரு மூச்சு விட்டாய், அதோடு மருமகன் போனை வாங்கிவிட்டார். அந்தக் கொஞ்சம் என்ன என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆனால் எதற்காக அவளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை முதலில் கேள். அதில் எனக்கும் பங்கு உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருடம் முன்பு பன்னிரண்டு டேப், பலகை மாதிரித் தட்டையான கம்ப்யூட்டர், வந்தது. அப்போதிருந்த தலைமையாசிரியர் அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சிலுவையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அரசாங்கச் சொத்து, உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயம். சுதந்திர தினத்துக்கு மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து மேசைமேல் அடுக்குவார். பிள்ளைகள் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையைப் பார்ப்பதுபோல வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். தொடக் கூடாது. அவர் ஓய்வு பெற்றதும் யோவிதா டீச்சர் பூட்டைத் திறந்தார். நாலு டேப் வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. மிச்சம் எட்டு.

எட்டு இருந்தும் என்ன? பாடமெல்லாம் இணையத்தில் இருக்கிறது. இணையம் நம் ஊரில் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். மேட்டில், மூன்று பனைக்குக் கீழே. எட்டு டேப்பையும் அத்தனை பிள்ளைகளையும் அங்கே ஏற்ற முடியுமா? அதனால் கேவா குடத்தில் தண்ணீர் எடுத்து வருவதுபோல் பாடத்தை அங்கிருந்து எடுத்து வருகிறாள். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர், யோவிதா டீச்சரின் தம்பி சுரபாயாவிலிருந்து அனுப்பியது. புதனும் சனியும் பனையடிக்குப் போய் அதற்குள் பாடங்களை இறக்கிக்கொள்வாள். கோவில் கூடத்தில் கொண்டுவந்து வைத்து, மீனவர் சங்கத்து சோலார் தகட்டிலிருந்து மின்சாரம் கொடுத்தால், அது தானே ஒரு சின்ன டவர் மாதிரி வேலை செய்கிறது. எட்டு டேப்பிலும் பாடம் ஓடுகிறது.

முதலில் அதை பிஸ்கட் டின்னுக்குள் வைத்தாள். தகரம் சிக்னலை விழுங்கிவிட்டது. இரண்டு நாள் சாப்பிடாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் நான் அவல் வைக்கிற பனையோலைப் பெட்டியைக் கவிழ்த்து, அவலைச் சட்டியில் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓலைக்குள் சூடும் தங்கவில்லை, சிக்னலும் தடைபடவில்லை. பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கக் கூபாங்கிலிருந்து வந்தவர்கள் கம்ப்யூட்டரைவிட அந்தப் பெட்டியைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள்.

இனி என் பங்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நம் பேச்சுத்தான் தெரியும், பாடமோ தேசிய மொழியில் இருக்கிறது. திரையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தன. கேவா பாடத்தை நம் பேச்சில் எழுதினாள். பேசுவதற்கு என்னைப் பிடித்தாள். நான் அஞ்சாங்கிளாஸ்தானேடி என்றேன். “அதான்மா வேணும். அதுக்கு மேல படிச்சவங்க பேசினா பிள்ளைங்களுக்குத் தூக்கம் வருது” என்றாள்.

இப்போது மூன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு என் குரல் தெரியும். பாதி, கால் என்றால் என்ன என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு மீனை நாலு நாத்தனார்களுக்கு வெட்டிக் கொடுக்கிற கதை. தலை யாருக்கு என்று சண்டை வருகிற இடத்தில் எல்லாம் சிரிக்கிறதாம். தண்ணீர்க் குழாய்க்குப் போனால், பெட்டிக்குள்ளிருந்து எப்படி வெளியே வந்தீர்கள் என்று என்னைக் கேட்கின்றன. அதற்குப் பெயரே பெனி பெட்டி ஆகிவிட்டது. மாலாங்குக்குப் போன விண்ணப்பத்திலும் அந்தப் பெயர்தான். என் பெயர் ஜாவா வரைக்கும் போயிருக்கிறது, பார்.

ஒரே ஒரு பாடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. ‘என் குடும்பம்’ என்ற பாடம். என்னைப் பெற்றவள் என் அம்மா, என் அம்மாவைப் பெற்றவள் என் பாட்டி. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாலு தடவை இருமல் வந்தது. கேவா போனை என் வாய்க்கு நேராகப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது தடவை சொல்லி முடித்தேன். “இருமினதை வெட்டிடலாம்மா, யாருக்கும் தெரியாது” என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சட்டியில் சோளம் கருகுகிற வாசனை வருகிறது. எழுந்து போகிறேன்.

மே 16, வியாழன்.

நேற்று எழுத உட்கார்ந்து நாலு தடவை எழுந்துவிட்டேன். கப்பல் ஞாயிறு மதியம் என்றார்கள், இன்று ஞாயிறு காலை என்கிறார்கள். பெட்ரோனெலா சனிக்கிழமையே துறைமுகத்துக்குப் போய்விடுவாளாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முற்றத்தை இரண்டு தடவை பெருக்கினேன். ஜெபமாலைக்கு வந்த பெண்கள் என்னக்கா விருந்தாளி வருகிறார்களா என்று கேட்டார்கள்.

சொல்லிவிடுகிறேன்.

மாலாங் பள்ளிக்கூடம் பேப்பரைக் கையில் வாங்குவதில்லை. எல்லாம் திரையில் ஏற்ற வேண்டும். யோவிதா டீச்சரும் கேவாவும் பனையடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். மதிப்பெண், படம், ஞானஸ்நானச் சான்று. கடைசியில் குடும்ப அட்டை. அதில் தாயின் பெயருக்கான கட்டத்தில் மார்த்தா பெனி என்று என் பெயர் இருக்கிறது. ஏற்றின உடனே சிவப்பாக ஒரு வரி வந்ததாம். பிள்ளை பிறந்தபோது தாய்க்கு வயது ஐம்பத்து நாலு, சரிபார்க்கவும், என்று.

பாரெக், இந்த ஊரில் பாதிரியார் முதல் மீன்காரி வரை எல்லாருக்கும் தெரியும். ஒருவர்கூட இத்தனை வருடத்தில் வாய் திறந்ததில்லை. அந்த மிஷினுக்கு மட்டும் நம் ஊர் மரியாதை தெரியவில்லை.

கேவா உன் பிள்ளை. இதை நான் பேப்பரில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன வெள்ளிக்கிழமை லேவோலெபா டவுனுக்குப் போனோம், நானும் கேவாவும் ஊர்ச் செயலாளர் கொபோங்கும். பதிவு அலுவலகத்தில் கைரேகை மிஷினில் என் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். மூன்று தடவை வைத்தும் அதற்கு என்னைத் தெரியவில்லை. அறுபது வருடமாகக் வறுபடுகிற சோளத்தை இந்த விரலால் எடுத்துக் கல்லில் வைத்துத் தட்டுகிறேன், ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? மேசையில் இருந்த பிள்ளையாண்டான் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னான், “பாட்டிம்மா, ரேகையும் இல்ல, அம்பத்து நாலு வயசுல பிள்ளையும் பெத்திருக்கீங்க. உங்களைக் கண்ணாடிப் பெட்டில வெச்சு டிக்கெட் போடலாம்.” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேவா சிரிக்கவில்லை.

கொபோங் என்னை ஓரமாகக் கூட்டிப் போய் இரண்டு வழி சொன்னார். என் வயதைப் பத்துக் குறைத்துவிடலாம். பழைய ஆட்கள் பிறந்த வருடம் யாருக்குத் தெரியும், இரண்டு சாட்சி போதும். அது பிடிக்காவிட்டால் பெரியப்பா மகள் தொரோத்தேயாவைத் தாய் என்று எழுதலாம், வயது சரியாக இருக்கும், ஒரு ஆட்டுக்குட்டி கொடுத்தால் சம்மதிப்பாள்.

மறைப்பானேன், முதல் வழிக்கு நான் சரி என்று சொல்லிவிட்டேன். எழுதித் தரச் சொன்னதும் பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். பக்கத்தில் எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது, கேவா என் கையிலிருந்து பேனாவை எடுத்தாள். “இன்னொரு பொய் வேணாம்மா. அதையும் ஒருநாள் இந்த மிஷின் கண்டுபிடிக்கும். அப்ப மாலாங்ல நின்னுகிட்டு நான் யாரோட பிள்ளைன்னு சொல்லுவேன்?”

பிறகு நேராக மேசைக்குப் போய், அந்தப் பிள்ளையாண்டானிடம், தாய் பெயர் மரியா பாரெக் என்றாள். உன் பிறந்த தேதி, மாதம், வருடம், நீ கடல் தாண்டி வேலை செய்கிற தோட்டத்தின் பெயர், அது தவாவ் நகரத்திலிருந்து எவ்வளவு தூரம், எல்லாம் சொன்னாள். பார்த்துச் சொல்லவில்லை, பாராமல் சொன்னாள். அவன் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் வேடிக்கை பேசவில்லை. நாற்காலி எடுத்து வந்து என்னை உட்காரச் சொன்னான்.

திரும்பி வரும்போது லாரியில் பின்னால் உட்கார்ந்தோம், எங்களுக்கு நடுவில் சிமெண்ட் மூட்டை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். ஒன்பது வயதிலிருந்து என்றாள். யார் சொன்னது என்றேன். யாரும் சொல்லவில்லையாம். “அக்கா ஞாயித்துக்கிழமை எல்லாரையும் பேர் சொல்லி விசாரிப்பாங்கல்ல. என் பேருக்கு முன்னால மட்டும் ஒரு மூச்சு விடுவாங்க.”

ஏனடி கேட்கவில்லை என்றேன். கேட்டால் நாம் இரண்டு பேரும் பொய் சொல்ல வேண்டியிருக்கும், எதற்கு என்று விட்டுவிட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு, முழங்கால் வலிக்கிறதா, காலை மூட்டைமேல் நீட்டிக்கொள்ளுங்கள் என்றாள்.

அவள் போனைத் திறந்தால் உன் சின்னவன் படம்தான் இருக்கும். போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பியது, சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு. கூடப் படிக்கிற பெண்கள் யாரென்று கேட்டபோது என் தம்பி என்று சொன்னாள். நான் அடுப்படியில் இருந்தேன், காதில் விழுந்தது. அக்கா மகனை யாராவது தம்பி என்பார்களா என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

மே 18, சனி.

பெட்ரோனெலா மதியம் வந்து பையை வாங்கிக்கொள்வாள். அவல் நேற்றே தட்டி முடித்தேன், நாலு படி. மேலே இருப்பது மருமகனுக்கும் பிள்ளைக்கும், மெல்லியதாகத் தட்டியிருக்கிறேன்.

பதிவு அலுவலகம் கேட்பது ஒரே ஒரு தாள். இந்தப் பிள்ளையைப் பெற்றவள் நான் என்று நீ மையில் கையெழுத்துப் போட வேண்டும். தவாவில் இருக்கிற நம் நாட்டுத் தூதரக அலுவலகத்தில் நேரில் போய் அதற்கு முத்திரை வாங்க வேண்டும். போனில் அனுப்புகிற படம் செல்லாது. மருத்துவச்சியின் சாட்சியும் பாதிரியாரின் பதிவேட்டுப் பக்கமும் நான் வாங்கி வைத்துவிட்டேன். தாள் கைக்கு வந்து பத்து நாளில் புதிய அட்டை கொடுத்துவிடுவதாக அந்தப் பிள்ளையாண்டான் சொன்னான். பெட்ரோனெலா ஜூன் பதினாறு கப்பலில் இங்கே வந்து இறங்குகிறாள். கணக்குப் பார்த்தால் நாலு நாள்தான் மிச்சம். கப்பல் தாமதமானால் அதுவும் இல்லை.

தோட்டத்திலிருந்து தவாவுக்குப் போக மருமகனின் லாரியை விட்டால் உனக்கு வழி கிடையாது என்று எனக்குத் தெரியும். எதற்குப் போகிறாய் என்று அவர் கேட்பார். நீ அவரைக் கட்டிக்கொண்டபோது, அவருக்கு ஒன்றும் தெரியாது, சொல்ல பயமாக இருக்கிறது என்று எனக்கு எழுதினாய். சொல்லாமல் இருப்பதுதான் நல்லது என்று பதில் எழுதியவள் நான். ஆறு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு அது சுலபமாக இருந்தது. இப்போது அதே கையால் இதை எழுதுகிறேன்.

அந்தக் கட்டத்தை எழுதியதும் இதே கைதான். உனக்கு அது தெரியாது. செயலாளர் ஏதோ தவறாக எழுதிவிட்டார் என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன். அப்போதைய செயலாளர் வீடு வீடாகப் படிவம் கொண்டுவந்தார். மற்றவர்கள் எல்லாரும் அவரையே எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்துக்குக் கன்னிகாஸ்திரீகளிடம் பரிசு வாங்கியவள். எனக்கு எழுதத் தெரியும், வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். உன் அப்பா பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். “யோசிச்சு எழுது பெனி. மையில எழுதற” என்றார். யோசித்துத்தான் எழுதினேன். நீ கப்பலேறிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. கேவா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், வலது கையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினேன்.

உன்னைக் கட்டிக்கொள்வதாகச் சொன்ன அந்தப் பையன் வீட்டார் பரிசமாக யானைத் தந்தம் கொண்டுவருகிறோம் என்று ஒரு மழைக்காலம் முழுக்க நம்மைக் காக்க வைத்ததை நீ மறந்திருக்க மாட்டாய். தந்தமும் வரவில்லை, அவனும் வரவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து ஒரு தந்தத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பிள்ளை எங்கள் குலம் என்று நின்றால் ஊர் அவர்கள் பக்கம்தான் பேசும். என் பிள்ளை என்று எழுதிவிட்டால் எவன் வந்து கேட்பான்? உனக்கும் நல்லது, பேப்பரில் நீ கல்யாணமாகாத பெண்ணாகவே இருப்பாய் என்று நினைத்தேன். உன் அப்பாவிடம் இப்படித்தான் சொன்னேன். சொல்லாதது ஒன்று உண்டு. நீயும் போய்விட்டாய், வீடு வெறிச்சென்று கிடந்தது, எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும் என்று இருந்தது. ஒரு கட்டம்தானே என்று எழுதிவிட்டேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

அதனால் மருமகனிடம் பழியை என் மேல் போடு. போட வேண்டியதும் அங்கேதான். அவருக்குத் தனியாக ஒரு தாள் எழுதி, நடந்ததை நடந்தபடி சொல்லி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மடித்து நூலால் கட்டியிருப்பது அதுதான். கொடுப்பதும் அடுப்பில் போடுவதும் உன் விருப்பம். நல்ல மனிதர் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் என் முழங்காலைப் பற்றி மறக்காமல் கேட்கிறார். அந்த மனதில் இதற்கும் இடம் இருக்குமா என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. கூட இருந்து பார்த்தவள் நீ.

நீ கட்டாயம் செய்ய வேண்டும் என்று எழுத நினைத்து ஐந்து நாளாகப் பேனாவைப் பிடிக்கிறேன். அந்த வார்த்தையை எழுத வரவில்லை. உனக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது, நாலு வயதுப் பிள்ளை இருக்கிறான். அதையும் நினைக்கிறேன். இங்கே எட்டு டேப்பையும் சார்ஜ் போட இரண்டு ஏழாம் வகுப்புப் பெண்களைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள் கேவா. எந்த ஒயர் எதில் என்று நோட்டில் படம் வரைந்து வைக்கிறாள். கேட்டால், இடம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, இங்கேயே பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன் என்கிறாள். இருந்துவிடுகிறவள் எதற்குப் படம் வரைகிறாள்? அதையும் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டே முற்றத்தைப் பெருக்குகிறேன்.

பையைத் திருப்பி அனுப்பு. வந்த பையை நம் வீட்டில் வெறுமையாகத் திருப்புகிற வழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும். அங்கே கிடைக்கிற தேயிலையைப் போட்டு அனுப்பு. அடியில் அந்தத் தாள் இருந்தால் எடுத்துக்கொள்கிறேன். தேயிலை மட்டும் இருந்தால் தேநீர் போட்டு கேவாவுக்கும் ஒரு கோப்பை கொடுப்பேன். பொய் எதுவும் சொல்ல மாட்டேன், உன் மேல் குறையும் சொல்ல மாட்டேன். ஒரு வாய் குடித்ததும் அவளுக்குப் புரிந்துவிடும். அவளுக்குச் சொல்லிப் புரிய வைக்கும் வேலை எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

இந்தக் கடிதத்தை அவள் படிக்கவில்லை. ஆனால் ஐந்து நாளாக நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு என்று கேட்கவில்லை. சற்று முன்னால் பனைமேட்டுக்குக் கிளம்பினாள், பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு. வாசல் வரை போனவள் திரும்பி வந்து நின்றாள்.

“அம்மா, அம்மாவுக்கு எழுதறப்ப நான் உயரமாயிட்டேன்னு எழுதுங்க. போன வருஷம் அனுப்பின செருப்பு கடிக்குதுன்னு எழுதிடாதீங்க. இனிமே சைஸ் முப்பத்தெட்டுன்னு மட்டும் எழுதுங்க.”

எழுதிவிட்டேன். முப்பத்தெட்டு.

இது மாதாவின் மாதம். தினமும் மாலையில் ஜெபமாலைக்கு நடுவில் உன் பெயரைச் சொல்கிறேன். நீயும் மருமகனும் சின்னவனும் ஒரே கூரைக்குக் கீழே ஒற்றுமையாக இருக்க மாதா துணை. சின்னவன் காது குணமாகட்டும். நீ எங்கே போனாலும், எதற்குப் போனாலும், உன் கூட யாராவது வரட்டும். அன்றைக்குத் தவாவ் சாலையில் மழை இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கேவாவின் பாட்டி,
மார்த்தா பெனி.